அடுத்த பதிப்பைத் திட்டமிடும் தோழர்களுக்கு



கட்டற்ற மென்பொருள்களுக்கு நிரல் எழுதும், அவற்றைப் பராமரிக்கும் தமிழ் இளைஞர்களுக்கு இந்த மடல். உலகம் முழுக்க ஓடும் மென்பொருள்களில் இன்று உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. தொடக்கத்தில் வழுக்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், மெல்ல மெல்ல, அடுத்த பதிப்பில் எது வரும், எது வராது என்று முடிவு செய்யும் இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் படுவது பயனர் கோரிக்கைகளின் பட்டியல்தான். நூற்றுக்கணக்கில் இருக்கும், சில திட்டங்களில் ஆயிரக்கணக்கில். அதை எப்படிப் படிப்பது என்பது பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் நிரல் எழுதுபவன் இல்லை. புத்தகப் பக்கங்களை வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புவது என் தொழில். நீங்கள் செய்து தரும் கருவிகளை நாள் முழுக்கக் கையில் வைத்திருப்பவன் என்ற உரிமையில்தான் பேசுகிறேன்.

பயனர் எழுதும் கோரிக்கைக்குள் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டே வரும். ஒன்று, வேலையின் நடுவில் அவர் படும் சிரமம். மற்றது, அந்தச் சிரமம் தீர அவரே யோசித்து வைத்திருக்கும் வழி. ‘இந்த இடத்தில் ஒரு பொத்தான் வையுங்கள்’ என்று எழுதுபவர் வழியைத்தான் எழுதுகிறார். சிரமத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். சிரமத்தை அப்படியே நம்புங்கள், அதில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. வழியைப் பற்றிய முடிவு உங்களுடையது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் திட்டங்கள் ஒன்று கேட்டதையெல்லாம் சேர்த்து வீங்கிப்போகின்றன, அல்லது எதையுமே கேட்காமல் ஆட்களை இழக்கின்றன.

என் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டு டிடிபி கடைகளில் பல காலம் பேஜ்மேக்கர்தான் எல்லாம். அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தின் அமைப்பு தெரியாது. ‘கொ’ என்ற எழுத்துக்கு ககரத்தின் முன்னால் கொம்பும் பின்னால் காலும் நிற்க வேண்டும். ஒருங்குறியில் முதலில் ககரமும் அதன்பின் உயிர்க்குறியும் என்ற வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படுகிறது. குறியைப் பிரித்து இருபுறமும் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், பக்கம் முழுவதும் படிக்க முடியாததாகிவிடும். ஆகவே ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் வந்தன. பாமினி அப்படிப்பட்ட ஒன்று. அவற்றில் தட்டச்சான பல புத்தகங்களின் கோப்புகளில் இன்று ஒரு சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. மின்னூலாக்க நினைத்தால் முதலில் குறிமாற்றம் செய்து, பிறகு வரிக்கு வரி மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வந்தபோது அது இந்தத் துன்பத்தைத் தீர்த்திருக்கலாம். தீர்க்கவில்லை. பல ஆண்டுகள் அதன் நிலையான பதிப்புகளில் இந்திய மொழிகளோ அரபியோ ஒழுங்காக வரவில்லை. இது தெரிந்த குறைதான், புகார்களும் இருந்தன. ஆனால் பட்டியலை எண்ணிக்கையால் மட்டும் படிப்பவருக்கு அவை எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஐரோப்பியப் பயனர் ஒருவருக்கு அட்டவணை போடுவதில் ஒரு குறை. அவர் அந்த மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிறார், தினமும் எரிச்சல்படுகிறார், எழுதுகிறார்; அவரைப் போன்றவர்களும் சேர்ந்து எழுதுகிறார்கள். மதுரையில் ஒரு வடிவமைப்பாளர் அதே மென்பொருளை நிறுவி, தமிழில் ஒரு வரி ஒட்டிப் பார்க்கிறார், கொம்பு தப்பான பக்கம் நிற்கிறது. சில நிமிடங்களில் அதை நீக்கிவிட்டுப் பழைய பேஜ்மேக்கருக்கே போய்விடுகிறார். அவர் உங்கள் பயனர்களில் ஒருவராக ஆகவே இல்லை. புகார் எழுத அவருக்கு ஆங்கிலமும் வராமல் இருக்கலாம், அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாமலும் இருக்கலாம். மென்பொருள் யாருக்கு அடியோடு பயன்படவில்லையோ, அவர்களின் குரல்தான் பட்டியலில் மிகக் குறைவாக இருக்கும்.

இந்தக் குறை தீர்ந்த விதம் உங்களுக்குப் பாடமாக வைக்கத்தக்கது. தமிழுக்கு ஓர் ஒட்டு, மலையாளத்துக்கு ஓர் ஒட்டு, அரபிக்கு ஓர் ஒட்டு என்று ஸ்கிரைபஸ் குழுவினர் போகவில்லை. ஓமான் நாட்டைச் சேர்ந்த ஒரு திறந்த மூலக் குழுவின் உழைப்பில், எழுத்தை வரியாக அடுக்கும் அடித்தளமே மாற்றி எழுதப்பட்டது. எழுத்து வடிவமைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்திடம் ஒப்படைத்தார்கள். ஃபயர்ஃபாக்ஸும் ஆண்ட்ராய்டும் லிப்ரெஆஃபிஸும் பயன்படுத்துவது அதே நிரலகம்தான். 2017இல் வந்த 1.5.3 என்ற சோதனைப் பதிப்பில் இந்த மாற்றம் வெளியானது. அரபிக்காரர்கள் தங்கள் தேவைக்காகத் தொடங்கிய வேலையில் நமக்கும் வழி பிறந்தது. வெவ்வேறு மொழிக்காரர்கள் வெவ்வேறு சொற்களில் எழுதிய புகார்களுக்கு அடியில் இருந்த காரணம் ஒன்றே. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறுபான்மையினரின் கோரிக்கை. காரணத்தை வைத்து ஒன்றாகக் கட்டிப் பார்த்தால் மேற்காசியாவும் தெற்காசியாவும் சேர்ந்து கேட்ட கோரிக்கை அது. கோரிக்கைகளைக் கேட்ட வசதியின் பெயரால் அடுக்காமல், அடியில் இருக்கும் காரணத்தால் அடுக்கிப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதன்பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019இல் கேரளத்தின் ஜனயுகம் நாளிதழ் பேஜ்மேக்கரை விட்டு, ஒருங்குறிக்கும் ஸ்கிரைபஸுக்கும் மாறியது. படங்களுக்கு கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற மென்பொருள்கள். ஒரு நாளிதழ் என்றால் ஒவ்வோர் இரவும் குறித்த நேரத்தில் பக்கம் முடிந்தே ஆக வேண்டும். கோரிக்கைப் பட்டியலில் ஏறக்குறைய இல்லாமலிருந்த ஒரு மொழிக் கூட்டம், கதவு திறந்ததும் ஒரு நாளிதழோடு உள்ளே வந்தது. இந்த எழுத்து அடுக்கும் முறை நிலையான பதிப்பில் இடம்பெற 2024இல் வந்த 1.6.0 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு காலம் ஆனதற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். சம்பளமில்லாமல் மாலை நேரங்களில் வேலை செய்பவர்கள் அவர்கள். திட்டமிடும் முறையைப் பற்றித்தான் என் கவலை.

பட்டியலை நம்ப முடியாது என்றால் பயன்பாட்டை அளந்து பார்க்கலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். அளக்கலாம், ஆனால் அளவையும் கேள்வி கேட்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் 2011இல், அதன் நான்காம் பதிப்பில், தாவல்களைக் குழுக்களாகப் பிரித்து வைக்கும் பனோரமா என்ற வசதி வந்தது. பயன்படுத்துவோர் மிகக் குறைவு, பராமரிப்பது சிரமம் என்று 2016இல் 45ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து மொசில்லா பயனர்களிடம் யோசனைகளைக் கேட்டபோது, வாக்குகள் குவிந்தது தாவல்களைக் குழுவாக்கும் வசதிக்குத்தான். 2025 ஏப்ரலில் 138ஆம் பதிப்பில் அது புதிய வடிவில் திரும்பியது. 2016இல் அளந்தவர்கள் தப்பாக அளந்துவிடவில்லை. அந்த வசதியை உண்மையிலேயே சிலர்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அது தாவல் பட்டையை விட்டு வெளியே, தனித் திரையில் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே பலர் கண்ணில் பட்டிருக்காது என்பது என் கணிப்பு. பயன்பாட்டுக் கணக்கு, நீங்கள் கொடுத்த வடிவம் எவ்வளவு பயன்பட்டது என்று சொல்லும். தேவை எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

அளப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கெடுப்பை அணைத்துவைக்கும் பயனர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. டெபியன் தன் பயனர்களிடம் எந்தெந்தப் பொதிகள் பயன்படுகின்றன என்ற தகவலை, விருப்பமுள்ளவர்கள் மட்டும் தரலாம் என்று நிறுவும்போதே கேட்கிறது. கேட்டுப் பெறுவதால் கணக்கு முழுமையாக இராது, நம்பிக்கை மட்டும் கெடாமல் இருக்கும். 2021 மே மாதம் ஆடாசிட்டி ஒலித் தொகுப்பு மென்பொருளில், அதைப் புதிதாக ஏற்றெடுத்தவர்கள் கூகுள், யாண்டெக்ஸ் நிறுவனங்களின் கணக்கெடுப்புச் சேவைகளைச் சேர்க்க முன்மொழிந்தபோது எழுந்த கோபம் உங்களுக்கு நினைவிருக்கும். சில நாள்களிலேயே அதைக் கைவிட வேண்டியிருந்தது. பயனர் என்ன விரும்புகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். பயனர் விரும்பாத முதல் விஷயமாக அதுவே ஆகிவிட்டது. அதே குழு அடுத்த ஆண்டே, ஒலியை ஓடவிட்டபடி விளைவுகளை மாற்றிக் கேட்கும் வசதியை 3.2 பதிப்பில் தந்தது. ஒலித் தொகுப்பாளர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த வசதி அது. அதைத் தெரிந்துகொள்ளக் கணக்கெடுப்பு தேவைப்படவில்லை.

பயனர் கேட்டதை மறுப்பதும் கேட்காததைச் செய்வதும் சில நேரம் சரியாக இருக்கும். இதற்கு கிம்ப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2012 மே மாதம் வந்த 2.8 பதிப்பில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, கருவிப்பெட்டியும் படமும் அடுக்குப் பலகையும் தனித்தனிச் சாளரங்களில் சிதறிக் கிடக்காமல் ஒரே சாளரத்துக்குள் இருக்கும் வசதி. ஆண்டுக்கணக்கில் பயனர்கள் கேட்டு வந்தது. அதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள், 2018இல் 2.10 பதிப்பில்தான் இயல்பு நிலையாக்கினார்கள். பழைய முறையில் பழகியவர்களுக்கு ஆறு ஆண்டு அவகாசம் கிடைத்தது. விரும்பினால் இன்றும் பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மாற்றத்தைப் பயனர்கள் கூட்டமாக வந்து கேட்கவில்லை. சேமி என்ற கட்டளை இனி கிம்ப்பின் சொந்தக் கோப்பு வடிவத்தில் மட்டுமே சேமிக்கும், ஜேபெக், பிஎன்ஜி போன்றவற்றுக்கு ஏற்றுமதி என்று தனிக் கட்டளை என ஆக்கினார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு புகைப்படத்தைத் திறந்து ஓரம் வெட்டிச் சேமிப்பவருக்கு இது வீண் வேலைதான். ஆனாலும் குழு அசையவில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று என் தொழில் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன். அட்டைப்படத்தை அடுக்குகளோடு செய்துவிட்டு, ஜேபெக்காக மட்டும் சேமித்து, கோப்பை மூடிவிட்டு வருபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். இரண்டாம் பதிப்புக்கு ஆசிரியர் பெயரின் எழுத்தளவை மாற்ற வேண்டும் என்றால் அட்டையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். அந்த இழப்பை அனுபவிக்கும் நாளில் யாரும் ‘சேமி கட்டளையை மாற்றுங்கள்’ என்று கோரிக்கை எழுதுவதில்லை, தங்கள் கவனக்குறைவு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். புகாராகவே வராத ஒரு சிரமத்தை அந்தக் குழு வேலையைப் பார்த்துக் கண்டுபிடித்தது. அடிக்கடி சிறு திருத்தம் செய்பவர்களுக்காகத் திறந்த கோப்பின் மேலேயே எழுதும் கட்டளையையும் வைத்தது. ஒரு குறையை மட்டும் சொல்வேன்: அந்த முடிவின் காரணம், கோபம் எழுந்த இடத்திலேயே, அந்தச் சேமிப்புச் சாளரத்திலேயே, முதல் நாள் முதல் எளிய சொற்களில் எழுதப்பட்டிருந்தால் பாதிக் கசப்பு குறைந்திருக்கும்.

வேலையைப் பார்ப்பது என்றேன். அதைத் திட்டமிடும் முறையாகவே ஆக்கிக்கொண்டவர்கள் பிளெண்டர் குழுவினர். முப்பரிமாண அசைபடத்துக்கான இந்த மென்பொருள் 2002இல் ஒரு லட்சம் யூரோ பொதுமக்களிடம் திரட்டி விடுவிக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்த வரலாறு. அதை வழிநடத்திய டான் ரோசண்டால் பிறகு செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஓவியர்களையும் நிரலாளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் குறும்படங்கள் எடுக்கத் தொடங்கினார்கள். 2006இல் எலிஃபன்ட்ஸ் ட்ரீம். 2008இல் பிக் பக் பன்னி. கதாநாயகன் ரோமம் நிறைந்த முயல், ஆகவே ரோமத்தைக் காட்டும் நிரல் செம்மைப்பட்டே ஆக வேண்டும். 2012இல் டியர்ஸ் ஆஃப் ஸ்டீல். நிஜ நடிகர்களோடு கணினிக் காட்சிகளைச் சேர்க்க வேண்டும், ஆகவே கேமராவின் அசைவைப் பின்தொடரும் கருவி பிளெண்டருக்குள்ளேயே வந்தது. படத்துக்கு முடிக்க வேண்டிய நாள் உண்டு. ஒரு வசதி உண்மையில் தேவையா, அழகுக்கா என்பது அந்த நாள் நெருங்கும்போது தானே தெரிந்துவிடும். ஓவியர் எங்கே கையை நிறுத்திப் பெருமூச்சு விடுகிறார் என்பதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்க்கிற நிரலாளருக்குக் கோரிக்கைப் படிவம் தேவையில்லை. 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியத் திரைப்படமான ஃப்ளோ இதே பிளெண்டரில் செய்யப்பட்டது.

அதே பிளெண்டரில் புதியவர்களை விரட்டிய ஒரு பழக்கமும் நெடுங்காலம் இருந்தது. பொருளைத் தேர்ந்தெடுக்கச் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்த வேண்டும். பழகியவர்கள் அதற்குத் தக்க காரணங்கள் வைத்திருந்தார்கள், இடப்பக்கத்துக்கு மாற்றக் கேட்டவர்களோடு ஓயாமல் வாதாடினார்கள். 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் இடப்பொத்தானே இயல்பாயிற்று, முதன்முறை திறக்கும்போது எந்தப் பொத்தான் வேண்டும் என்று மென்பொருளே கேட்டது. பழையவர்கள் ஒரே சொடுக்கில் தங்கள் பழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். இருப்பவரின் கையையும் வருபவரின் கையையும் ஒருசேர மதித்த தீர்வு இது. அதே பதிப்பில் விளையாட்டு உருவாக்கும் பகுதியை முழுதாக நீக்கவும் செய்தார்கள். அதைப் பராமரிக்க ஆள் இல்லை. அதை வெளிப்படையாகச் சொல்லி, கோடோ போன்ற வேறு கட்டற்ற கருவிகளுக்குப் போகும்படி பயனர்களுக்கு வழிகாட்டினார்கள். விட மனமில்லாதவர்கள் அந்தப் பகுதியைத் தனிக் கிளையாக எடுத்துப்போய் இன்னும் வளர்க்கிறார்கள். கதவை மூடும்போது அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்று சொல்வது பயனருக்கு நீங்கள் தரும் மரியாதை.

இந்த மரியாதை குறைந்த இடங்களில் என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 2008இல் கேடீஈ 4.0, 2011இல் க்னோம் 3 ஆகிய மேசைத்தளங்கள். இரண்டிலும் பின்னணியில் நடந்த பொறியியல் வேலை பெரியது, அவசியமானதும்கூட. ஆனால் தினமும் அந்த மேசைத்தளத்தில் வேலை செய்தவர்களின் பழக்கங்கள் ஒரே இரவில் காணாமல் போயின. பழைய கேடீஈயை டிரினிட்டி என்ற பெயரில் சிலர் தொடர்ந்தார்கள். க்னோமின் பழைய வடிவம் மாட்டே ஆனது. சின்னமன் தனியே பிறந்தது. லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ்கூட இரண்டு முறையும் வெளியேறினார். கிளை பிரிவது கட்டற்ற மென்பொருளின் உரிமை, அதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரே வேலைக்குப் பல குழுக்கள் உழைப்பைப் பங்கிட வேண்டியிருந்தது. க்னோம் குழு 2013இல் 3.8 பதிப்பில் பழைய அமைப்பை ஒத்த ஒரு தேர்வைத் தானே தந்தது. 2021இல் 40ஆம் பதிப்புக்கு முன்பு பயனர்களை நேரில் பேட்டி கண்டு, ஆய்வு செய்து, அதன் பிறகே வேலைத்தளங்களின் அமைப்பை மாற்றியது. பத்தாண்டுகளில் ஒரு குழு கற்றுக்கொண்டதை நீங்கள் முதல் நாளிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

மறுப்பதற்குத் தெம்பு எங்கிருந்து வரும்? யாருக்காகச் செய்கிறோம் என்று முன்னமே எழுதி வைப்பதிலிருந்து. கிரிட்டா ஒரு பொதுவான படத்தொகுப்பு மென்பொருளாகத் தொடங்கியது. 2010 வாக்கில் அதன் குழு உட்கார்ந்து பேசி, இது ஓவியர்களுக்கானது, வெற்றுத் தாளிலிருந்து படம் வரைபவர்களுக்கானது என்று முடிவு செய்தது. அதன்பிறகு புகைப்படத் திருத்த வசதிகள் கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்வது எளிதாயிற்று. 2014 முதல் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது, அடுத்து எதைச் செய்யலாம் என்று பணம் தந்தவர்களையே வாக்களிக்கச் சொன்னார்கள். வாக்குப் பட்டியலில் இருந்தவை ஏற்கெனவே வரையறுத்த எல்லைக்குள் அடங்கியவை. வாக்கெடுப்பு பயனுள்ளதாக இருக்க இந்த வரிசை முக்கியம்: முதலில் திசை, பிறகு வாக்கு.

திசை இல்லாத வாக்கு சிறியவர்களை நசுக்கும். விஎஸ் கோட் தொகுப்பியில் ஒரு வசதிக் கோரிக்கை 60 நாள்களுக்குள் 20 ஆதரவுகளைப் பெற வேண்டும் என்று ஒரு விதி உண்டு. வெளிப்படையாக அறிவித்துப் பின்பற்றும் விதி என்பதால் நான் அதை மதிக்கிறேன். ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் குவியும் இடத்தில் ஏதோ ஒரு வடிகட்டி வேண்டும். ஆனால் உங்கள் திட்டத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளும் முன், பார்வையற்ற பயனர் ஒருவரின் கோரிக்கை அந்த 60 நாள்களில் 20 பேரைக் கண்டுபிடிக்குமா என்று யோசியுங்கள். தமிழ் அகரவரிசையில் அடுக்கும்போது பிழை வருகிறது என்று எழுதும் நூலகர் அந்த 20 பேருக்கு எங்கே போவார்? அணுகல் வசதி, மொழி, தரவிழப்பு, பாதுகாப்பு ஆகிய நான்கையும் வாக்குக்கு விடாதீர்கள். ஒருவர் சொன்னாலும் அவை உண்மை.

இதுவரை உங்கள் கடமைகளையே அடுக்கிவிட்டேன். உங்கள் களைப்பையும் நான் அறிவேன். 2016 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பராமரிப்பாளர்கள் கையெழுத்திட்டு கிட்ஹப் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். ‘எனக்கும் வேண்டும்’ என்ற ஒற்றை வரிப் பதில்களில் தாங்கள் மூழ்கிப்போவதாகவும், ஆதரவைத் தெரிவிக்க வேறு வழி தரும்படியும் கேட்டிருந்தார்கள். இரண்டு மாதங்களுக்குள் கோரிக்கைப் படிவ வார்ப்புருக்களும் கட்டைவிரல் குறிகளும் வந்தன. கருத்துக்கு எப்படிப் பதில் தருவது என்பதற்கு அதுவே நல்ல சான்று. கேட்டவர்கள் பயனர்கள், பதில் தந்தது மென்பொருள்.

களைப்பைப் பயன்படுத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை எக்ஸ்இசட் விவகாரம் காட்டியது. லினக்ஸ் உலகம் முழுதும் பயன்படும் அந்தச் சுருக்கக் கருவியைப் பெரும்பாலும் ஒருவர் தனியாகப் பராமரித்து வந்தார். 2022இல், வேறெங்கும் தடமில்லாத பெயர்களிலிருந்து அவருக்குக் கடுமையான செய்திகள் வந்தன: வேலை தாமதமாகிறது, ஒட்டுகள் தேங்கிக் கிடக்கின்றன, வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். அதற்குள் நல்ல பங்களிப்பாளராக நம்பிக்கை சம்பாதித்திருந்த ஒருவர் மெல்லப் பொறுப்புக்கு வந்தார். 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைக் கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததால், அந்த ஆண்டு மார்ச் இறுதியில் அது பிடிபட்டது. ஆகவே குரலின் உரப்பு உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள். ‘இப்போது நேரமில்லை’ என்பதும் ஒரு முழுமையான பதில்தான். பயனருக்கு நீங்கள் கடன்பட்டிருப்பது நேர்மையான பதிலுக்கு, குறித்த நாளில் வந்து சேரும் வசதிக்கு அன்று.

நான் உங்களிடம் கேட்பவை மிகச் சில. கோரிக்கைப் படிவத்தின் முதல் கேள்வி, ‘என்ன வசதி வேண்டும்’ என்று இருந்தால் அதை ‘என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எங்கே தடைபட்டது’ என்று மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் மென்பொருளை வைத்துப் பிழைப்பவர் ஒருவரின் மேசையருகே அரைநாள் பேசாமல் உட்காருங்கள். சிவகாசி அச்சகமோ, ஒரு பள்ளியின் கணினி அறையோ, யாழ்ப்பாணத்து நூலகமோ, எதுவானாலும் சரி. அவர் உங்களிடம் கேட்காமலே விட்டுவிட்ட குறைகள் அங்கே கண்ணில் படும். பழகிய ஒன்றை எடுப்பதாக இருந்தால் ஒரு பதிப்புக்கு முன்பே அறிவியுங்கள், எடுத்த பிறகும் சிறிது காலம் பழைய வழியைத் திறந்து வையுங்கள். கோரிக்கையை மூடும்போது ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதே கேள்வியோடு வருபவருக்கும் அந்த இரண்டு வரி பதிலாகும்.

கடைசியாக, தமிழர்களான உங்களிடம் மட்டுமே கேட்கக்கூடிய ஒன்று. தமிழில் எழுதப்படும் கோரிக்கைகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் திட்டத்தின் முகப்பில், தமிழிலும் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எழுதியவர் ஒப்புக்கொண்டால் நீங்களே ஆங்கிலத்தில் சுருக்கி மேலே அனுப்புங்கள். ஆங்கிலம் வராததால் பேசாமல் கருவியை மூடிவிட்டுப் போகும் வடிவமைப்பாளர்கள், ஆசிரியர்கள், தட்டச்சாளர்கள் என் தொழில் வட்டத்திலேயே ஏராளம். அவர்களிடம் நான் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படியுங்கள்.

அன்புடன்,
ஒரு பக்க வடிவமைப்பாளர்